நாலு குளிசையும் ஒரு தலையாட்டலும்

போன மாதம் என் பழைய ஆஸ்பத்திரி வாட்டின் சிஸ்டர் தொலைபேசியில் அழைத்தார். வாட்டுக்குப் புதிய சேர்க்கைப் படிவம் வந்திருக்கிறதாம். நோயாளி வீட்டில் எடுத்த மருந்தைப் பற்றி அதில் ஒரே ஒரு கேள்வி. பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிகள். ஒன்றில் புள்ளடி போட்டால் வேலை முடிந்தது.

"மிஸ், நீங்க பை கொட்டுவீங்களே, அதைப் பத்தி ட்ரெயினிங் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்க. வாசிச்சா ஒரு உற்சாகம் வரணும்" என்றார்.

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உற்சாகத்துக்கு நான் பொறுப்பில்லை.

நான் கண்டி மஹய்யாவையில் பிறந்தவள். தாதியர் பயிற்சி மூன்று வருடம். அதில் இன்றைக்கும் மறக்காதவை இரண்டு: கட்டில் விரிப்பின் மூலையை உறை மாதிரி மடிப்பது, பெரியவர்கள் நிற்கும்போது கதிரையில் உட்காராமல் இருப்பது. பிறகு அங்கும் இங்குமாகப் பல வாட்டுகள். கடைசிப் பத்தொன்பது வருடங்கள் கண்டிக்குப் பக்கத்தில் ஒரு காய்ச்சல் வாட்டில் இருந்தேன். ஐம்பத்தைந்தில் ஓய்வு எடுத்துக்கொண்டேன். மகளின் பல்கலைக்கழகப் படிப்பு முடியும்வரை வீட்டில் இருந்து அவளைக் கவனிக்க வேண்டும் என்பது சொன்ன காரணம். கால் வலி சொல்லாத காரணம்.

அந்தப் பத்தொன்பது வருடமும் எங்களுக்கு ஒரே பெரிய டொக்டர். யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியானவர். காலை ஏழு நாற்பதுக்கு வாட்டுக்குள் கால் வைப்பார். உட்கார மாட்டார். நோயாளியைப் பற்றிய கேள்விகளை மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக் கேட்பார். விசிறி பதில் சொல்லாவிட்டால் எங்களைப் பார்ப்பார்.

வாட்டின் நடுவில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. காய்ச்சல் என்னவென்று புரியாத நோயாளி வந்தால், வரக்கூடிய எல்லா நோயின் பெயரையும் அதில் எழுதுவார். டெங்கு, எலிக்காய்ச்சல், டைபொயிட், டைபஸ், காசம், மலேரியா என்று பன்னிரண்டு, பதினைந்து வரை போகும். பிறகு ஒவ்வொன்றாக அழிப்பார். பலகைக்கென்று ஒரு துடைப்பான் இருந்தது. அதைத் தொட மாட்டார். தன் கைக்குட்டையால்தான் அழிப்பார்.

"எழுதுறதுக்குக் காரணம் தேவையில்லை. அழிக்கிறதெண்டால் காரணம் வேணும். பிழையான காரணத்துக்கு அழிச்சால் என்ரை லேஞ்சிதான் ஊத்தையாகும்" என்பார். ரவுண்ட் முடியும்போது அந்த லேஞ்சி கரிக்கடைக்காரரின் லேஞ்சி போல இருக்கும். அதை வீட்டில் துவைத்தவரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

அந்தக் காரணங்களில் பாதி என் கையால் வந்தவை. அதுதான் பை கொட்டுதல்.

புதிதாக வரும் நோயாளி ஒரு பையோடு வருவார். வாட்டுக் கட்டிலில் உட்கார வைத்ததும், ஒரு எவர்சில்வர் தட்டில் பழைய பத்திரிகையை விரித்து, பையில் உள்ள எல்லாவற்றையும் நான் அதில் கொட்டுவேன். கொட்டும்போது பேசக் கூடாது. பிறகு "என்னென்ன குடிச்சீங்க?" என்று கேட்க வேண்டும். "மருந்து ஏதாவது குடிச்சீங்களா?" என்று கேட்கவே கூடாது; அப்படிக் கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். "ஒண்ணும் குடிக்கலதானே?" என்று பதிலையும் நாமே வாயில் வைத்துக் கேட்பவர்களைப் பெரிய டொக்டர் ஒரு வாரத்துக்கு மலச் சாம்பிள் பக்கம் அனுப்பிவிடுவார். முதல் தடவை கேட்டால் மரியாதை வரும், இரண்டாம் தடவை கேட்டால் கோபம் வரும், மூன்றாம் தடவைதான் மருந்து வரும். அதுவும் பெரும்பாலும் சேலை முந்தானை முடிச்சிலிருந்தோ சட்டையின் உள் பையிலிருந்தோ வரும்.

"நோயாளி பொய் சொல்லுறேல்லை மிஸ். எங்களுக்கு மரியாதை செய்யிறார். அதுதான் ஆபத்து" என்பார் அவர்.

ஒருமுறை குண்டசாலையிலிருந்து ஒரு த்ரீவீல் ஓட்டுநர் வந்தார். காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சள். எல்லோரும் எலிக்காய்ச்சல் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பையைக் கொட்டினேன். மூன்று மருந்தகங்களின் மூன்று உறைகள் விழுந்தன. மூன்று பெயர், மூன்று நிறம், உள்ளே ஒரே பரசிட்டமோல். மூன்றையும் நேரம் தவறாமல் குடித்திருக்கிறார்.

"ஏன் மூணு டொக்டர்கிட்ட போனீங்க?"

"மூணு பேரும் நம்ம வண்டியில போற ஆளுங்க மிஸ். ஒருத்தர் மருந்தைக் குடிச்சு ஒருத்தர் மருந்தைக் குடிக்காம விட்டா மனசு நோகும்ல."

ஈரல் நொந்திருந்தது. பலகையிலிருந்து எலிக்காய்ச்சல் அழிந்தது; ஆள் பிழைத்தார். மூன்று டொக்டர்களின் மனமும் நோகவில்லை.

இன்னொரு தடவை ஒரு பெண். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது என்று பதறிக்கொண்டு வந்தார். சிறுநீரகமா, ரத்தமா என்று பலகையில் எட்டுப் பெயர்கள். மூன்றாம் தடவை கேட்டபோது முந்தானை முடிச்சிலிருந்து காசநோய்க் குளிசைகள் வந்தன. அவை அவருடைய கணவரின் குளிசைகள். அந்தக் குளிசை குடித்தால் சிறுநீர் அந்த நிறத்தில்தான் போகும்.

"அவருக்குப் பாதி, எனக்குப் பாதி. நானும் குடிச்சா எனக்கு ஒட்டாதுதானே மிஸ்? கல்யாணம் கட்டின நாள்ல இருந்து எதையும் பாதிப் பாதியாத்தான் திங்கிறோம்."

நான்கு மாதமாக அந்தக் கணவருக்கு ஏன் காசம் குறையவில்லை என்று வேறொரு கிளினிக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முந்தானை முடிச்சில் இரண்டு நோயாளிகளின் விடை இருந்தது. அன்றைக்குப் பெரிய டொக்டர் மாணவர்களிடம், "மிஸ் தட்டை எடுத்தால் பொய் நிக்காது" என்றார். அந்த வசனம் வாட்டில் நிலைத்துவிட்டது. நான் ஓய்வு பெற்ற பிறகும் புதிதாக வருபவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதுவே பிறகு எனக்கு வினையானது.

ஓய்வு பெற்று ஒன்றரை வருடத்தில் என் மகள் தர்ஷினிக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. புவியியல் படிக்கிறாள். திகனைக்கு அப்பால் ஒரு மலைச்சரிவில் மானாப்புல்லை எண்ணும் வேலைக்காக நண்பிகளோடு மூன்று நாள் போய்வந்தாள். புல்லை ஏன் எண்ண வேண்டும் என்று நான் கேட்டதற்கு, "எண்ணினாத்தானே எத்தனைன்னு தெரியும்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் தொடங்கியது. தலையைப் பிளக்கும் வலி. செவ்வாய்க்கிழமை ரத்தம் சோதித்தோம், டெங்கு இல்லை. புதன்கிழமை காலை வெப்பமானியில் நூற்று மூன்று.

குண்டசாலையில் என் தம்பி கொஞ்சம் வயல் செய்கிறான். வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்க சுகாதாரப் பரிசோதகர் வாரத்துக்கு இவ்வளவு என்று டொக்ஸிசைக்லின் குளிசை கொடுப்பார். தம்பி அதைக் குடிப்பதில்லை. "நீ மிஸ்தானே, உனக்கு உதவும்" என்று என்னிடம் தந்துவிடுவான். அலுமாரியில் நாலு இருந்தன. எலிக்காய்ச்சலாக இருந்தால் கேட்கும் என்று நினைத்தேன். பத்தொன்பது வருடமாக இதே காரியத்தைச் செய்த தாய்மாரை எப்படிப் பேசியிருக்கிறேன் என்பது அந்த நேரம் நினைவில் வரவேயில்லை. என் பிள்ளையின் தலையணை வியர்வையில் நனைந்திருந்தது. அதுதான் தெரிந்தது.

புதன் காலை ஒன்று, மாலை ஒன்று. வியாழன் காலை ஒன்று, மாலை ஒன்று.

வியாழன் மாலையே காய்ச்சல் இறங்கியது. வெள்ளியும் சனியும் சாதாரணம். என் கணவர் மாநகர சபையில் எழுதுவினைஞர். அவரிடம் எதைச் சொன்னாலும் மறுநாள் மஹய்யாவை முழுவதற்கும் தெரிந்திருக்கும், அதனால் குளிசை விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. அவர் கோயில் நேர்த்தியால்தான் குணமானது என்றார். பக்கத்து வீட்டார் தங்கள் கொத்தமல்லித் தண்ணீரால்தான் என்றார்கள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அப்படிச் சிரித்ததற்கு இன்னும் கூசுகிறேன்.

ஞாயிறு மாலை காய்ச்சல் நூற்று நாலோடு திரும்பி வந்தது. திங்கட்கிழமை அவளை என் பழைய வாட்டுக்கே கொண்டுபோனேன்.

வரவேற்பு, மாப்பிள்ளை வீட்டார் வந்தது போல இருந்தது. சிஸ்டர் ஓடிவந்தார். ஜன்னலோரக் கட்டில் தந்தார்கள். எனக்குக் கதிரை போட்டார்கள். டொக்டர் ரிஸ்வான் என்று ஒரு பயிற்சி டொக்டர், திகனைப் பொடியன், என் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். விவரம் எழுதும் டிக்கட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தவர், மருந்து என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"இத உங்கள்ட்ட கேக்கவே ஏலாது மிஸ். மருந்தொண்டும் குடுக்கல்லதானே?"

என் தலை ஆடியது. நான் ஆட்டவில்லை என்று சொல்ல வரவில்லை. வாய் ஒன்றும் சொல்லவில்லை, தலைதான் ஆடியது, அவ்வளவுதான். அவர் 'இல்லை' என்று எழுதினார். மை காயும் முன்னே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் இரண்டு பயிற்சித் தாதியர், சிஸ்டர் சுட்டிக் காட்டிய ஆளாக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பதுக்குப் பெரிய டொக்டர் வந்தார். பின்னால் பதினைந்து மாணவர்கள். பலகையில் பதினாலு நோய்கள். முதலாவது பெயரே டைபஸ். டைபொயிட் வேறு, இது உண்ணிக் கடியால் வருவது, எங்கள் பக்கத்தில் அடிக்கடி பார்ப்பது. மானாப்புல்லுக்குள் மூன்று நாள் நின்ற பிள்ளை என்றதும் அதைத்தான் முதலில் எழுதினார். எழுதிவிட்டு விசிறியைப் பார்த்தார்.

"பத்து நாள் காய்ச்சலிலை ரெண்டு நாள் காய்ச்சல் இல்லை. ஏன்? மருந்து ஏதும்?"

"இல்ல சேர்" என்றார் ரிஸ்வான். "பேஷன்டுட உம்மா எங்கட பழைய மிஸ்."

பெரிய டொக்டர் என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அது மூன்றாம் தடவையோ நாலாம் தடவையோ. "மிஸ் இருக்கிற வீட்டிலை ஆர் மருந்தை ஒளிக்கிறது?" பிறகு மாணவர்களிடம் திரும்பினார். "மருந்தில்லாமல் டைபஸ் ரெண்டு கிழமைக்கு நிண்டு எரியும். அது இடையிலை லீவு எடுக்கிற காய்ச்சல் இல்லை."

லேஞ்சியை எடுத்து டைபஸை அழித்தார்.

நான் கட்டிலின் தலைமாட்டில் நின்றேன். சரியான பெயர் என் தலையாட்டலால் அழிவதைக் கண்ணால் பார்த்தேன். சொல்ல வாயெடுத்தேன். பதினைந்து மாணவர்களும் என்னைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்தார்கள். ரவுண்ட் முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்ததும் பெரிய டொக்டரின் பின்னால் படிக்கட்டுவரை ஓடினேன். "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ மிஸ், உங்கட பிள்ளை எங்கட பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே சாப்பாட்டு வண்டியோடு லிஃப்டுக்குள் போய்விட்டார்.

அதன் பிறகு அந்த இரண்டு நாளுக்கு, காய்ச்சல் தானாகப் போய்த் தானாக வந்த அந்த இரண்டு நாளுக்கு, ஆஸ்பத்திரியே காரணம் தேடத் தொடங்கியது. நாட்டில் மலேரியா இல்லை. ஆனாலும் இல்லை என்று எழுதுவதற்காக ஒருவர் வந்து விரலில் குத்திப் போனார். ஒரு மாணவி ஆட்டுப்பால் குடித்தாளா என்று கேட்டாள். இன்னொருவன் வௌவால் குகையைப் பற்றி இருபது நிமிடம் விசாரித்தான். கண்ணாடி போட்ட ஒரு மாணவன் எங்கள் கூரையில் புறா இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றார் என் கணவர். புறா எச்சத்தாலும் காய்ச்சல் வரும் என்று அவன் சொல்லிவிட்டுப் போய்விட்டான். சாம்பிள் கொண்டு வா என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் என் கணவர் முப்பது வருடமாக எழுதுவினைஞர்.

புதன்கிழமை காலை அவர் இரண்டு யோகட் கப்போடு வந்தார். வாய் கட்டி, மேலே சீட்டு ஒட்டியிருந்தது: 'புறா எச்சம், கிழக்குக் கூரை', 'புறா எச்சம், மேற்குக் கூரை'. கூடவே முகப்புக் கடிதம்: 'மேற்படி விடயம் தொடர்பாக, இத்துடன் இரு மாதிரிகள் தங்கள் மேலான கவனத்துக்காகச் சமர்ப்பிக்கப்படுகின்றன.' எந்த ஆய்வுகூடமும் அதை ஏற்கவில்லை. ஆனால் கடிதம் முறையாக இருந்ததால் யாராலும் வீசவும் முடியவில்லை. ஒவ்வோர் அறையாகக் கையொப்பம் வாங்கிக்கொண்டு அந்தக் கப்புகள் மத்தியானம் மூன்று மணிக்கு மறுபடி எங்கள் வாட்டுக்கே வந்து சேர்ந்தன.

அதற்குள் தர்ஷினிக்கு மோசமாகியிருந்தது. மற்றக் கிருமிகளுக்கான ஊசி மருந்து மூன்றாம் நாளாகப் போயும் காய்ச்சல் அசையவில்லை. ரத்த அழுத்தம் இறங்கியது. மூச்சு வேகமாக வந்தது. சேலைன் கூடினால் நுரையீரலில் தண்ணீர் சேரும் என்று துளித் துளியாக விட்டார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு புல் எண்ணினாள். நூற்று நாற்பது, நூற்று நாற்பத்தொன்று. நடுவில் தவறிப்போனால் அழுதுகொண்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

ரத்தத்தை வளர்த்துப் பார்த்ததில் கிருமி எதுவும் இல்லை என்று ஆய்வுகூடம் சொன்னது. டைபஸ் கிருமி அப்படி வளர்வதில்லை. அது எனக்குத் தெரியும். பெரிய டொக்டர் மாலையில் மறுபடி வந்து பலகை முன்னால் நெடுநேரம் நின்றார். "கிருமி இல்லை. மருந்து கேக்கேல்லை. காய்ச்சல் தன்ரை பாட்டுக்குப் போய் வருது. இது தொற்று இல்லாமல் இருக்கலாம். உடம்பே உடம்போடை சண்டை பிடிக்குது. நாளைக்குக் காலமை ஸ்டெரொயிட் தொடங்குவம்."

சண்டை பிடிப்பது உடம்பு என்றால் ஸ்டெரொயிட் உயிர் காக்கும். உள்ளே கிருமி இருந்தால், அதை எதிர்த்து நிற்கும் கடைசி ஆளையும் வீட்டுக்கு அனுப்பியது போலாகும். இதையும் அந்த வாட்டில்தான் படித்தேன்.

அன்று மாலை இரண்டு தடவை முயன்றேன். ரிஸ்வானிடம் போய், "டொக்டர், ஒரு விஷயம்" என்றேன். துள்ளி எழுந்து, தன் கதிரையில் என்னை இருத்தி, ப்ளேன்டீ வரவழைத்தார். "மிஸ் தட்டெடுத்தா பொய் நிக்காதுண்டு சேர் சொல்லுவாரு. எனக்கும் அத ஒரு நாளைக்குப் பழக்கித் தாங்க மிஸ்." தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பிறகு ஒரு தாளில் எழுதினேன்: மருந்தின் பெயர், அளவு, நேரம். நல்ல தெளிவான எழுத்து. அந்த வாட்டில் எல்லோருக்கும் தெரிந்த எழுத்து. கிழித்தேன்.

அந்த இரவைப் பற்றி எழுதப் போவதில்லை.

வியாழன் காலை ஏழரைக்கு ஸ்டெரொயிட் ஊசித் தட்டு தயாராகிவிட்டது. ஏழு நாற்பதுக்கு அவர் வந்தார், மாணவர்கள் வந்தார்கள். நான் மேசைக்குக் கீழே இருந்து எவர்சில்வர் தட்டை எடுத்தேன். பத்திரிகையை விரித்தேன். என் கைப்பையின் சிப்பை இழுத்தேன்.

"இஞ்சை பாருங்கோ!" என்றார் பெரிய டொக்டர் மாணவர்களிடம், முகம் மலர்ந்து. "மிஸ் உங்களுக்குச் செய்து காட்டப் போறா. பை கொட்டுறது எப்பிடியெண்டு பாருங்கோ."

பதினைந்து பேரும் கொப்பியைத் திறந்தார்கள்.

செய்து காட்டவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கொட்டினேன். திருநீற்றுப் பொட்டலங்கள் நாலு விழுந்தன. பக்கத்து வீட்டார் தந்த ஓதிய நூல், பஸ் டிக்கட்டுகள், வெப்பமானி, பற்பசை மாதிரி வளைந்துபோன ஒரு களிம்பு டியூப், பாதி தின்ற இஞ்சி பிஸ்கட்.

"இப்ப என்ன கேக்கணும் மிஸ்?" என்றாள் ஒரு மாணவி, எழுதிக்கொண்டே.

"என்னென்ன குடுத்தீங்கன்னு கேக்கணும்."

"என்னென்ன குடுத்தீங்க?"

"பரசிட்டமோல்."

"இன்னொரு தடவை கேக்கணுமா?"

"மூணு தடவை."

அவள் சிரித்துக்கொண்டே மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவையில் கைப்பையின் உள் சிப்பைத் திறந்து அதையும் கொட்டினேன். வெறுமையான குளிசைத் தகடு தட்டில் விழுந்தது. பத்திரிகை விரித்திருந்தும் சத்தம் கேட்டது.

"இது யார்ட மருந்து?"

"நோயாளிட."

"யார் குடுத்தது?"

"தாய்."

"தாய் ஏன் முந்தியே சொல்லல?" என்று கேட்டுவிட்டு, நல்ல பதில் ஒன்று வரும் என்று பேனாவோடு காத்திருந்தாள். இன்னும் விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தாள்.

பெரிய டொக்டருக்கு மட்டும் விளங்கிவிட்டது. விசிறியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எத்தினை மிஸ்?"

"ரெண்டு சேர்."

அவர் தட்டில் கிடந்த தகட்டைப் பார்த்தார். நோயாளிகள் எண்ணிக்கையைப் பாதியாக்கித்தான் சொல்வார்கள் என்பதை அவருக்குச் சொன்னதே நான்தான்.

"நாலு" என்றேன். "புதன் ரெண்டு, வியாழன் ரெண்டு."

"வியாழன் பின்னேரம் காய்ச்சல் விட்டது."

"ஆமா சேர்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் தாங்கிக்கொள்ளும் தைரியத்தோடுதான் வந்திருந்தேன். அவரோ தட்டிலிருந்து தகட்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, லொத்தர் விழுந்தவர் போல அதைப் பார்த்தார். "இதைவிட நல்ல ரிசல்ட் எந்த லாப்பும் தராது! பிள்ளையள், பாருங்கோ. நாலு குளிசை, ரெண்டு நாள் சுகம். மருந்து முடிஞ்சுது, காய்ச்சல் திரும்பி வந்தது. லீவு எடுக்கேல்லை. லீவு குடுத்திருக்கினம்!" பலகைக்குப் போய் டைபஸ் என்று பெரிதாக எழுதினார். எழுதிவிட்டுத் திரும்பியபோது சிரிப்பு இல்லை. "பிழை என்ரை. அந்த ரெண்டு நாளுக்கு நான் காரணம் கேக்கேல்லை. மிஸ்ஸுக்கு மரியாதை செய்தனான்."

ஸ்டெரொயிட் தட்டு திரும்பிப் போனது. பத்து நிமிடத்தில் டொக்ஸிசைக்லினைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, மூக்குக் குழாய் வழியாக விட்டார்கள். குழாயை ரிஸ்வான்தான் பிடித்திருந்தார். சரியாக அந்த நேரம் என் கணவர் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

"சேர், வடக்குக் கூரை" என்று மூன்றாவது யோகட் கப்பை நீட்டினார்.

பெரிய டொக்டர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். "கடிதம்?" என்று கேட்டார். என் கணவர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அதை முழுவதும் வாசித்து, கையொப்பமிட்டு, "நல்லது" என்றார்.

வெள்ளிக்கிழமை தர்ஷினியின் உள்ளங்கால்களில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. மாணவர்கள் டோர்ச் அடித்து வரிசையாக வந்து பார்த்தார்கள். கோயில் சாமி பார்ப்பது போல ஒருவர் பின் ஒருவராக. சனி காலை காய்ச்சல் தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. நான் நம்பாமல் மூன்று வெப்பமானி வைத்தேன். ஞாயிறு அவள் கண்ணைத் திறந்து மீன் பணிஸ் கேட்டாள். சில வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை அறிக்கையும் டைபஸ் என்றே வந்தது. அதுவரை அந்த அறிக்கைக்காக யாரும் காத்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு பகல் வேளையில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அவள் கட்டிலில் சாய்ந்து மடிக்கணினியில் புல் கணக்கைத் தட்டிக்கொண்டிருந்தாள். திங்கள் மத்தியானத்திலிருந்து வியாழன் காலைவரை, மணித்தியாலம் மணித்தியாலமாகச் சொன்னேன். டொக்டர் ரிஸ்வான் கேட்டதையும் என் தலை ஆடியதையும் சொன்னேன். அந்தப் பொடியன் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றும், என் பங்கைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள, சேர்த்துச் சொன்னேன்.

"அவரு சரியாத்தாம்மா கேட்டாரு" என்றாள் தர்ஷினி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க முகம் கழுவப் போன நேரம் திரும்பி வந்து என்கிட்டத் தனியாக் கேட்டாரு. 'என்னென்ன மருந்து குடிச்சீங்க'ன்னு. ரெண்டு மூணு தடவை கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்லன்னேன். நீங்க தலையாட்டுனத பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். நீங்க மிஸ். நீங்க சொல்லாம விட்டா அதுல ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த நேரம் அவளுக்குக் காய்ச்சல் மயக்கம் இருந்ததா, என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னாளா என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடு என்று மனதுக்குள் மன்றாடிக்கொண்டு கேட்டேன்.

"இல்லம்மா" என்றாள். "நல்லா நெனவோடத்தான்."